எழுத்துக்கு ஒரு வெள்ளிக் கூடு

பாரிஸின் லா சப்பல் மெட்ரோ நிலையம் தரையில் இல்லை. வீதிக்கு மேலே, இரும்புத் தூண்கள் தாங்கும் பாலத்தில் 1903ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. படியிறங்கித் தெற்கே திரும்பினால் ஃபோபூர் சாந்-தெனி வீதி. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், முருங்கைக்காய்க் கட்டுகள், புடவைக்கடைகள், நடுநடுவே நகைக்கடைகள். அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால், கனத்த அட்டியல்களும் தாலிக்கொடிகளும் மினுங்கும் வரிசையில், விரல்நகம் அளவே உள்ள ஒரு பதக்கமும் தொங்கும். சங்கு, சக்கரம், வாள், வில், கதாயுதம் என்று ஐந்து ஆயுதங்கள் அதில் பொறித்திருக்கும். அதுதான் பஞ்சாயுதம். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அம்மம்மாவோ மாமனோ வாங்கிப் போடுவது.

அதே படியிலிருந்து மேற்கே திரும்பி, கார் து நோர் நிலையத்தின் தண்டவாளங்களைத் தாண்டி நடந்தால் சில நிமிடங்களில் குத் தோர் பகுதி வந்துவிடும். அங்கே மொழி மாறுகிறது, மசாலாவின் மணம் மாறுகிறது. பார்பெஸ் வரை நீளும் நகைக்கடைகளில் விரித்த கை வடிவப் பதக்கங்கள் தொங்குகின்றன. அல்ஜீரியாவின் கபீல் மலைக்காரர்களும் மொராக்கோ, துனீசியாக்காரர்களும் செனெகல், மாலி நாட்டவரும் வாழும் இடம் அது. அவர்களுடைய பாட்டிமார் கழுத்திலும் மார்பிலும் அணிந்தவை வெள்ளியால் செய்த சிறு பெட்டிகள், குழாய்கள், முக்கோணங்கள். உள்ளே மடித்த காகிதம், காகிதத்தில் எழுத்து. தமிழர் அதைப் பார்த்தால் பெயர் கேட்க வேண்டியதில்லை. தாயத்து என்பார்கள்.

அந்தப் பெயரே கடல் கடந்து வந்ததுதான். அரபியில் ‘தஅவீத்’ என்றால் காப்புத் தேடுவது, அடைக்கலம் கேட்பது. அந்தச் சொல் உருது வழியாக வந்து தமிழில் தாயத்து ஆயிற்று என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் தரும் விளக்கம். குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களான ஃபலக், நாஸ் இரண்டும் இதே வேர்ச்சொல்லால் ‘முஅவ்விததைன்’ என்று அழைக்கப்படுகின்றன. இரண்டுமே அடைக்கலம் தேடும் வாக்கியத்தோடு தொடங்குபவை. தாயத்துக்குள் அதிகம் எழுதப்பட்டவற்றில் இவையும் ‘ஆயத்துல் குர்ஸி’ என்னும் வசனமும் முதலிடம் பெறுகின்றன.

வட ஆப்பிரிக்காவிலும் ஏமனிலும் இதற்கு வேறு பெயர் ‘ஹிர்ஸ்’. காப்பது என்று பொருள். ஆனால் குத் தோர் பகுதியின் வீட்டுப் பேச்சில் புழங்கும் இன்னொரு பெயர்தான் கவனிக்க வேண்டியது. மக்ரெப் எனப்படும் வட ஆப்பிரிக்க நாடுகளின் பேச்சு வழக்கில் தாயத்தை ‘க்தாப்’ என்பார்கள். கிதாப் என்ற அதே சொல், புத்தகம். செனெகல்காரர்களின் வோலோஃப் மொழியில் ‘தேரே’ என்றால் புத்தகம், ‘தேரே’ என்றால் தாயத்தும்கூட. யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் இதே பொருளை என்ன சொல்லி அழைத்தார்கள்? அச்சரக்கூடு. அட்சரம் உறையும் கூடு. ஒருவரிடம் ஒருவர் கேட்காமலே மூன்று மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் தொங்குவது வெள்ளியோ பொன்னோ தோலோ, அதற்குப் பெயர் கொடுத்தது உள்ளிருக்கும் எழுத்து.

இஸ்லாமியக் கலையின் வரலாற்றில் இந்தச் சிறு பெட்டிக்கு நீண்ட வழக்கு உண்டு. வழக்கு என்றால் வாதம் என்ற பொருளிலும்தான். தாயத்து கட்டுவது இறைவனுக்கு இணைவைப்பதாகும் என்று கண்டிக்கும் நபிமொழி ‘தமீமா’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியர் பிள்ளைகள் கழுத்தில் கட்டிய மணிகளும் சிப்பிகளும் அந்தச் சொல்லில் அடங்கும். மறுபுறம், நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் ஒரு பிரார்த்தனையைத் தம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்றுக்கொடுத்து, இன்னும் பேசத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு எழுதிக் கழுத்தில் கட்டினார் என்ற செய்தியும் நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. இறைவசனம் மட்டுமே இருந்தால் ஆகும் என்றனர் ஒரு சாரார். அதுவும் கூடாது என்றனர் மறுசாரார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. பாரிஸ் பள்ளிவாசல்களில் இன்றும் கேட்கலாம், காயல்பட்டினத்திலும் கேட்கலாம்.

வாதம் ஒரு பக்கம் நடக்க, தொழில் தன் வழியில் வளர்ந்தது. 10ஆம் நூற்றாண்டளவிலேயே எகிப்தில் தாயத்துக் காகிதங்களை அச்சுக்கட்டையில் அழுத்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் குட்டன்பெர்க் அச்சுக்கு வருவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேல் முன்னதாக நடந்த வேலை இது. நீளமான மெல்லிய துண்டுக் காகிதத்தில் வசனங்களும் நட்சத்திர வடிவங்களும் அடித்து, சுருட்டி, காரீயக் குழாயில் செருகி விற்றார்கள். அன்றைய ஊர்சுற்றிக் கூட்டத்தாரின் தந்திரங்களைப் பாடிய அபூ துலஃப் என்னும் புலவர் அந்த அச்சுக்கட்டையை ‘தர்ஷ்’ என்ற பெயரால் குறிப்பிட்டிருக்கிறார். ஏழைக்குக் காரீயம், இருப்பவருக்கு வெள்ளி. உள்ளே இருந்த எழுத்து இருவருக்கும் ஒன்றுதான்.

வெள்ளி ஏன் வந்தது? ஆண்கள் பொன் அணிவதை இஸ்லாமிய மரபு விலக்குகிறது. நபிகள் நாயகம் அணிந்திருந்த முத்திரை மோதிரம் வெள்ளி. மக்ரெப் மலைக் கிராமத்துப் பெண்களுக்கோ வெள்ளி நிலவின் நிறம், கறைபடாத உலோகம். நகரத்துச் சீமாட்டிகள் பொன்னை நாடியபோதும் கிராமங்கள் வெள்ளியை விடவில்லை.

ஆனால் அந்த மலைகளில் ஆண்டுதோறும் நகைக்கு வேண்டிய வெள்ளி எங்கிருந்து கிடைத்தது? நாணயத்திலிருந்து. இங்கேதான் பாரிஸ் கதைக்குள் நுழைகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஐந்து பிராங்க் வெள்ளிக்காசு 25 கிராம் எடை, ஆயிரத்துக்கு 900 பங்கு சுத்த வெள்ளி. சேன் ஆற்றங்கரையின் நாணயச்சாலையில் ‘ஏ’ என்ற எழுத்து முத்திரையோடு அடிக்கப்பட்ட காசுகள் அல்ஜீரியச் சந்தைக்குப் போய், அங்கிருந்து மலைத் தட்டாரின் மூசைக்குள் போயின. 1880களின் தொடக்கத்தில் மொராக்கோ சுல்தான் முதலாம் ஹசனின் வெள்ளி நாணயங்களும் பாரிஸில்தான் அச்சாயின. அரேபியாவிலும் ஏமனிலும் இதே வேலையைச் செய்தது ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் தாலர். அவர் இறந்த ஆண்டான 1780ஐ மாற்றாமல் தாங்கி, உலகின் பல நாணயச்சாலைகளில் மறுபடி மறுபடி அச்சான காசு அது. 1930களிலிருந்து பாரிஸும் அதை அடித்தது. எடை தெரிந்த, தரம் தெரிந்த வெள்ளி என்பதால் தட்டார் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். அரசியின் முகம் உருகி ஓடி, வசனத்துக்கு வீடானது.

கபீல் மலையில் அப்படி உருக்கியவர்களில் ஆத் யென்னி ஊர்க்காரர்கள் பெயர்பெற்றவர்கள். மலைமுகட்டில் தொடுத்தாற்போல் அமைந்த சில கிராமங்கள் சேர்ந்த பகுதி அது. துருக்கியர் ஆண்ட காலத்தில் கள்ள நாணயம் அடிப்பதிலும் அந்த ஊர் புகழ் பெற்றிருந்தது. உலோகத்தை அவ்வளவு நெருக்கமாக அறிந்த கைகள் அவை. அவர்களுடைய நகையை ஒரு முறை பார்த்தவர் மறப்பதில்லை. வெள்ளித் தகட்டில் மெல்லிய கம்பியை வளைத்துச் சிறு சிறு பாத்திகள் கட்டுவார்கள். அந்தப் பாத்திகளில் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூட்டில் உருக்குவார்கள். நீலம், பச்சை, மஞ்சள் என்று மூன்றே நிறங்கள். நம் ஊரில் மீனா வேலை என்று சொல்வதற்கு நெருங்கிய உறவு. இடையிடையே செம்பவளம் பதிக்கப்படும். அந்தப் பவளம் அல்ஜீரியாவின் கிழக்குக் கரையில் லா கால் துறைமுகக் கடலிலிருந்து எடுத்தது. 1492க்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம், யூதக் கைவினைஞர்கள் இந்த நிற வேலையை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து.

ஆத் யென்னியின் மிகப் பெரிய நகை ‘தப்ஸிம்த்’, உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஊசிப்பதக்கம். ஆண்பிள்ளை பெற்றவள் அதை நெற்றிக்கு மேல் குத்திக்கொள்வாள். தாயத்துப் பெட்டியோ அடக்கமானது. சதுரமாகவோ உருளையாகவோ இருக்கும். ஒரு பக்கம் மூடி, மேலே கோத்துக்கொள்ள காதுகள், கீழே அசைந்தால் ஒலிக்கும் சிறு தொங்கட்டான்கள். அந்த ஒலிக்கும் காரணம் உண்டு. கண்ணேறு வரும் திசையைக் கலைக்க வேண்டுமே.

பெட்டியைச் செய்தவர் ஒருவர், எழுத்தை எழுதியவர் இன்னொருவர். பல ஊர்களில் இருவரும் ஒரே மதத்தவர்கூட இல்லை. மொராக்கோவின் தீஸ்னித், எஸ்ஸாவிரா போன்ற ஊர்களிலும் ஏமன் முழுவதிலும் வெள்ளிவேலை பெரும்பாலும் யூதர் கையில் இருந்தது. முஸ்லிம் ஆலிம் எழுதிய குர்ஆன் வசனத்துக்கு யூதத் தட்டார் கூடு செய்தார். முஸ்லிம் தாய் அதைக் குழந்தை கழுத்தில் கட்டினாள். ஏமனின் உருளைத் தாயத்துகளில் கம்பி வேலையும் குருமணி வேலையும் எவ்வளவு நுணுக்கமோ, அவ்வளவும் அந்த யூதப் பட்டறைகளின் கொடை. 1949, 1950 ஆண்டுகளில் சுமார் 49,000 ஏமன் யூதர் விமானங்களில் இஸ்ரேலுக்குப் போனபோது, நூற்றாண்டுகள் பழகிய கைத்திறன் அந்நாட்டுப் பட்டறைகளிலிருந்து ஏறக்குறைய ஒரே வருடத்தில் எழுந்து போயிற்று. மொராக்கோவில் அதே பிரிவு 1948க்குப் பிறகு இரண்டு பத்தாண்டுகளில் மெதுவாக நடந்தது. அங்கே உதவியாளராய் இருந்த முஸ்லிம் இளைஞர்கள் உலையைத் தொடர்ந்து ஊதினார்கள்.

மதம் கடந்த இந்தப் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் நெருங்கிய உறவுகள் உண்டு. அந்திநேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் இந்துத் தாய்மார்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். தொழுது வெளியே வருபவர்கள் ஓதிக் குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். நாகூர் தர்காவில் தாயத்து கட்டிக்கொண்டு வந்து, அதை அரைஞாண்கொடியில் கோத்து, குலதெய்வத்தின் திருநீற்றையும் நெற்றியில் பூசிய பிள்ளைகள் எத்தனையோ. பீங்கான் தட்டில் வசனத்தை எழுதிக் கரைத்துக் குடிக்கும் தமிழ் முஸ்லிம் வழக்கத்தைக் கேள்விப்பட்டால் குத் தோரின் மேற்கு ஆப்பிரிக்கர் வியப்படைய மாட்டார்கள். மரப்பலகையில் எழுதிய குர்ஆன் வசனத்தைக் கழுவி அந்த நீரை நோயாளிக்குக் கொடுப்பது அவர்களுக்கும் பழக்கம்.

எண்களிலும் வடிவங்களிலும் இந்த நெருக்கம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. குத் தோர் கடைகளில் தொங்கும் விரித்த கைக்குப் பெயர் ‘கம்ஸா’. அரபியில் ஐந்து. ‘ஃபாத்திமாவின் கை’ என்று ஐரோப்பியர் பரப்பிய பெயரைவிட அந்த எண்ணே பழையது. ஐந்து விரல் விரித்தால் கண்ணேறு தடுக்கப்படும் என்பது நம்பிக்கை. யூதரும் முஸ்லிமும் அதை ஒன்றாகவே அணிந்தார்கள். தமிழ்க் குழந்தையின் ஐம்படைத்தாலியும் ஐந்துதான். புறநானூற்றில் தலையாலங்கானத்துப் போருக்கு வந்து நின்ற இளம் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்த புலவர், தாலிகூட இன்னும் கழற்றாத பிள்ளை என்று வியந்தது இந்தக் காவல் நகையைத்தான் என்று உரைகாரர் சொல்வர். ஐந்தும் ஐந்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று சொல்ல ஆதாரமில்லை. குழந்தையைச் சுற்றி ஒரு வேலி வேண்டும் என்ற தவிப்பு இரண்டு கரையிலும் ஒன்று.

அறுகோண நட்சத்திரத்தை மக்ரெப் தட்டார் ‘சுலைமான் நபியின் முத்திரை’ என்று வெள்ளியில் கீறினார். யாழ்ப்பாணத்து மந்திரவாதி அதே கோடுகளைச் செப்புத்தகட்டில் கீறி முருகனின் ஷட்கோணம் என்றார். எண்சதுரத்தின் கதை இன்னும் சுவையானது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்களை மூன்றுக்கு மூன்று கட்டங்களில் அடுக்கி, எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரச் செய்வது இஸ்லாமியத் தாயத்துகளில் மிகப் பரவலான சதுரம். அதன் நான்கு மூலைகளில் 2, 4, 6, 8 வரும். அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டாகையால் அந்த நான்கையும் சேர்த்து ‘புதூஹ்’ என்று படித்து, அந்தச் சொல்லையே காவலாக எழுதினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்தெண் வித்தையோடு பெயர் பிணைந்த அஹ்மத் அல்-பூனி, பவளக் கரைக்குப் பக்கத்துத் துறைமுகமான பூனா ஊரின் பெயரைத் தாங்கியவர். இன்று அந்த ஊர் அல்ஜீரியாவின் அன்னாபா. அந்தச் சதுரத்தின் ஒவ்வொரு எண்ணோடும் 19ஐக் கூட்டிப் பாருங்கள். 20 முதல் 28 வரை எண்கள் கொண்டு, எப்படிக் கூட்டினாலும் 72 வரும் சதுரம் கிடைக்கும். தமிழ் வீடுகளின் பூஜை அறையில் இருக்கும் குபேர யந்திரம் அதுவே.

லா சப்பலுக்கும் எழுத்தைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல. இடைக்காலத்தில் இந்த ஊருக்கும் சாந்-தெனிக்கும் இடைப்பட்ட வெளியில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் லாந்தி சந்தை கூடும். அதன் சிறப்புச் சரக்கு எழுதுவதற்கான பதனிட்ட தோல். பாரிஸ் பல்கலைக்கழகத் தலைவர் பரிவாரத்தோடு வந்து ஆண்டுக்கு வேண்டிய தோலை வாங்கிப்போவார். அப்படிப்பட்ட தோலில்தான் அன்றைய பிரெஞ்சுக் கிறிஸ்தவர் புனித மார்கரீத்தின் வரலாற்றை எழுதி, பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் உடல்மேல் வைத்தார்கள். எழுத்து காக்கும் என்று நம்பிய ஊர்களில் பாரிஸும் ஒன்று.

தனிக் கிராமமாக இருந்த லா சப்பல் 1860இல் பாரிஸ் நகரோடு இணைந்தது. பக்கத்துக் குத் தோர் அப்போது தொழிலாளர் குடியிருப்பு. ‘பொன்துளி’ என்று பொருள்படும் அந்தப் பெயர் அங்கே ஒரு காலத்தில் விளைந்த திராட்சை மதுவின் நிறத்தால் வந்தது. ஆனால் பொன்வேலையும் அங்கே நடந்தது. எமில் ஸோலா 1877இல் வெளியிட்ட ‘லசொம்வார்’ நாவலில் வரும் லோரியோ தம்பதி, குத் தோர் வீதியின் அடுக்குக் குடியிருப்பு அறை ஒன்றில் முதுகு வளைந்து பொற்சங்கிலி கோக்கும் கூலித் தொழிலாளர்.

1914இல் மூண்ட போர் அல்ஜீரியர்களை ஆயிரக்கணக்கில் பிரான்சின் போர்முனைக்கும் ஆலைகளுக்கும் கொண்டுவந்தது. அவர்களில் கபீல் மலைக்காரர்கள் மிகுதி. போர் முடிந்தும் வந்துகொண்டேயிருந்தார்கள், தேநீர்க்கடையும் தங்கும் அறையும் ஒன்றான சிறு விடுதிகளில் குத் தோரைத் தம் ஊராக்கினார்கள். ஊரில் மனைவியின் வெள்ளி விற்ற பணத்தில் கப்பலேறியவர்கள் உண்டு. பிற்காலத்தில் பாரிஸ் சம்பளம் ஊருக்குப் போனபோது புதுப்பெண்கள் வெள்ளிக்குப் பதில் பொன் கேட்டார்கள். பாட்டியின் கனத்த வெள்ளி உருகியது, அல்லது பழம்பொருள் வியாபாரி கைக்குப் போயிற்று.

அப்படிப் போனவை பாரிஸுக்கே வந்து சேர்ந்தன. 1931 குடியேற்ற நாடுகள் கண்காட்சிக்காகக் கட்டிய போர்த் தொரே மாளிகையின் அருங்காட்சியகத்தில் சேர்ந்த மக்ரெப் நகைகள், 2006இல் திறந்த கே பிரான்லி அருங்காட்சியகத்துக்கு மாறின. 2014இல் பியேர் பெர்ஜே - இவ் சாந் லோரான் அறக்கட்டளை மொராக்கோவின் பெர்பர் பெண்களைப் பற்றியும், 2016இல் அரபுலக நிறுவனம் மக்ரெப் நகைகளைப் பற்றியும் கண்காட்சிகள் நடத்தின. கண்ணாடிப் பேழையில் ஒளி விழ நிற்கும் ஒரு ஹிர்ஸைப் பார்க்கும்போது கம்பி வேலை தெரிகிறது, பவளம் தெரிகிறது, கிராமத்தின் பெயரும் தெரிகிறது. அதை யாருக்காக யார் எழுதிக் கட்டினார் என்பது தெரியும் வழியில்லை.

வாழும் தாயத்து பேழைக்கு வெளியே, மெட்ரோ வாசலில் இருக்கிறது. பார்பெஸ், லா சப்பல் நிலையங்களின் வாயிலில் உள்ளங்கையளவு அட்டைகளைக் கையில் திணிப்பவர்களைப் பாரிஸ்வாசிகள் அனைவரும் அறிவர். பிரிந்த துணை திரும்பும், வழக்கு வெல்லும், வேலை கிடைக்கும் என்று வாக்களிக்கும் மேற்கு ஆப்பிரிக்க ‘மராபு’க்களின் விளம்பரம் அது. ஆசையை விற்றுப் பணம் பறிப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், அபூ துலஃப் காலத்தில் இருந்ததுபோலவே. ஊரில் முறையாக குர்ஆன் பயின்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவளுக்கு இரண்டு வரி எழுதித் தோலில் தைத்துக் கொடுத்த பெரியவர்களின் மரபை அந்த அட்டையை வைத்து அளப்பது நியாயமாகாது.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர் இங்கே வந்தார்கள். அவர்களும் நகையை அடகுவைத்தோ விற்றோதான் பயணக் காசு புரட்டினார்கள். 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் எழுந்தது, 1996 முதல் தேர் வீதியில் உருளத் தொடங்கியது. நகைக்கடைகளும் வந்தன. பிரெஞ்சுச் சட்டம் பொன்னுக்குக் கழுகுத்தலை, வெள்ளிக்கு மினெர்வா தேவியின் தலை என்று 1838 முதல் முத்திரை வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கண்டிராத அந்தக் கழுகு, அந்த ஊர் வார்ப்பில் செய்த நகையின் கொக்கியிலும் இன்று இருக்கிறது. மினெர்வா தலையோ மக்ரெப் வெள்ளியில் இருக்கிறது. ரோமத் தேவியின் முத்திரையோடு குர்ஆன் வசனமும், கழுகின் முத்திரையோடு முருகனின் தகடும் ஒரே நிறுத்தத்தில் மெட்ரோ ஏறுகின்றன.

பழைய அச்சரக்கூட்டின் காது அறுந்தால் அதைப் பற்றவைக்க வேண்டும். ஆத் யென்னியானாலும் யாழ்ப்பாணமானாலும் முறை ஒன்றே. தட்டார் முதலில் மூடியைக் கழற்றுவார். பொடி வைத்து ஊதும்போது உள்ளே இருப்பது கருகிவிடக் கூடாதல்லவா. சுருட்டிய தாளை, அல்லது ஓலையை, குறட்டின் நுனியால் மெல்ல இழுத்து, கொண்டுவந்தவரின் கையில் கொடுப்பார். வெங்காரம் தடவிய கூடு தீக்குள் போகும். அது சிவந்து, ஆறி, மெருகேறும் வரைக்கும் வந்தவர் அந்தச் சிறு சுருளை உள்ளங்கையில் மூடியபடி உட்கார்ந்திருப்பார்.